வீடும் போச்சு, முறுக்கும் போச்சு: எல்லோரும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே தடவையாகப் பதில்

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் நாலறை வீடு எரிந்து ஏழு மாதம் ஆகிறது. அதில் எங்கள் பூனை முறுக்கும் இறந்துபோனாள். அன்றிலிருந்து லிஃப்டில், தேக்கா சந்தையில் கீரை வாங்கும்போது, கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். கேட்பவர்களைக் குறை சொல்லவில்லை, அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, பாதியில் லிஃப்ட் கதவு திறந்துவிடுகிறது, அவர்கள் இறங்கிப் போய்விடுகிறார்கள், நான் மீதிக் கதையோடு எட்டாவது மாடிவரை தனியாகப் போகிறேன். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். இதே நிலைமையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் விஷயங்களும் நடுநடுவே இருக்கின்றன.

எப்படித் தீப்பிடித்தது? சாமி விளக்கா?

இல்லை. இந்திய வீடு என்றதுமே முதல் சந்தேகம் விளக்கு மேல்தான் போகிறது. அம்மா காலையில் ஏற்றிய விளக்கைக் குளிர வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தீப்பிடித்தது பேட்டரி. எங்களிடம் கம்பியில்லாத வேக்குவம் ஒன்று இருந்தது. மூன்று வருடத்தில் அதன் பேட்டரி பத்து நிமிடம்கூட நிற்காத நிலைக்கு வந்துவிட்டது. அசல் பேட்டரி விலை அதிகம் என்று இணையத்தில் 28 வெள்ளிக்கு (டாலருக்கு) வேறொன்று வாங்கினேன். வாங்கியது நான்தான், என் கணவர் இல்லை, அம்மா இல்லை. சனிக்கிழமை காலையில் சோபாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போய்விட்டேன். கணவர் வேலையில் இருந்தார்.

லித்தியம் பேட்டரிக்குள் சின்னச் சின்ன செல்கள் அடுக்கியிருக்கும். அதில் ஒன்று உள்ளுக்குள்ளேயே பழுதாகிச் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லைக் கிளப்பிவிடும், அது அடுத்ததை. ஊதுவத்தி மாதிரி மெதுவாகக் கனன்று எரிவதில்லை, சரவெடி மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். வெளியே வரும் புகையே தீப்பிடிக்கக்கூடிய வாயு. பக்கத்தில் பஞ்சு வைத்த சோபா வேறு. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

நான் கற்றது இதுதான்: எதையும் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், தூங்காதீர்கள். கட்டில், சோபா மேலேயோ வாசல் வழியிலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். அசல் அல்லாத பேட்டரி வாங்காதீர்கள். தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை இதையெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரொட்டி எங்கள் லிஃப்ட் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது, நான் தினமும் அதன் முன்னால் நின்றுதான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் தீ எச்சரிக்கைக் கருவி இல்லையா?

இல்லை. 2018 ஜூன் முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் அது கட்டாயம். எங்கள் புளோக் எண்பதுகளில் கட்டியது, அதனால் சட்டம் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன வட்டமான பொருள், கூரையில் ஒட்டினால் போதும். ஆள் இல்லாத வீட்டில் அது அடித்து என்ன பயன் என்று என் தம்பி கேட்டான். எதிர்வீட்டு மலாய் ஆண்டிக்கு, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவருக்கு, கேட்டிருக்கும். புகை வாசல் இடுக்கு வழியாக வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

பூனையை ஏன் தூக்கிக்கொண்டு ஓடவில்லை?

நாங்கள் யாருமே வீட்டில் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருவர் மறுபடி கேட்கிறார்.

மக்சிக்தான் தீயணைப்பு எண் 995-ஐ அழைத்தார். மூன்றாவது வீட்டு அங்கிள் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டைத் தட்டியிருக்கிறார், ஆனால் இரும்பு கேட் பூட்டு, உள்கதவும் பூட்டு. தீயணைப்பு வீரர்கள் வந்து உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

முறுக்கு இருந்தது கூடத்தில் இல்லை. அம்மாவின் படுக்கையறை அலமாரியில் கீழ்த்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால். இங்கே இடி இடிக்காத வாரம் உண்டா? ஒவ்வொரு இடிக்கும் அவள் அங்கேதான் போய்ப் பதுங்குவாள். அலமாரிக் கதவு சரியாக மூடாது, அதை மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பயந்தால் பூனை ஓடாது, ஒளியும். நாய் குரைத்தாவது காட்டிக்கொடுக்கும், பூனை சத்தமே போடாது. நாங்கள் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தப் புகையில் அவளைத் தேடிப் பிடித்திருப்போமா என்று தெரியாது. ஆனால் அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும், வீரருக்குத் தெரியாது. போனில் சொல்லியிருக்கலாம். மக்சிக் என்னை அழைத்தபோது நான் வாழைக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன், இரண்டு அழைப்பை எடுக்கவில்லை.

ஒரு வீரர் அவளைத் துண்டில் சுற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டு வந்தார். முகமெல்லாம் கரி, இருபது இருபத்தொரு வயதுதான் இருக்கும், கட்டாய தேசிய சேவை செய்யும் பிள்ளையாக இருக்கலாம். என்ன சொல்வது என்று தெரியாமல் 'சாரி ஆண்டி' என்றார். துண்டைக் கீழே வைக்கவில்லை, நான் கையை நீட்டும்வரை தூக்கிக்கொண்டே நின்றார்.

ரொம்பக் கஷ்டப்பட்டிருக்குமோ?

பெரும்பாலும் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, முகத்தில் தெரியும். நான் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். உடம்பில் தீக்காயம் எதுவும் இல்லை. மூக்கைச் சுற்றிக் கரி மட்டும். மூடிய இடத்தில் பொருள்கள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் மயக்கம் வந்துவிடும் என்றார். மனிதர்களுக்கும் இதேதான், தீயில் இறப்பவர்கள் பலரைக் கொல்வது நெருப்பு இல்லை, புகை.

தூக்கம் மாதிரிதான் இருந்திருக்கும் என்றார். பகலில் நம்புகிறேன்.

நல்லவேளை, பூனைதானே? ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

இதற்கு நான் 'ஆமாம்' என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அது உண்மை. பையனும் அம்மாவும் வீட்டில் இருந்திருந்தால் என்று யோசித்தால் இப்போதும் கை நடுங்கும். ஆனால் அந்தக் கேள்வியில் 'தானே' என்று ஒரு சொல் இருக்கிறது, அதுதான் உள்ளே போய்த் தைக்கிறது.

2019-இல் கீழ்த்தளத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கிடந்தவள். உள்ளங்கை அளவு. வால் நுனி இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும், இந்த ஊர்த் தெருப் பூனைகள் பலவற்றுக்கு அப்படித்தான், அதனால்தான் முறுக்கு. அப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்க அனுமதி கிடையாது. அதிகாரி யாராவது வந்தால் என் பையன் அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவான். 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி சட்டம் மாறி, ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆன அன்றைக்குக் கேசரி கிண்டினோம். மைக்ரோசிப் போட்டோம், உரிமம் எடுத்தோம். ஐந்து வருடம் ஒளிந்திருந்தவள் ஒரு வருடம்தான் சட்டப்படி இருந்தாள்.

அவளை 'அது' என்று எழுதச் சொல்லி என் மாமா ஒருவர் திருத்தினார். இல்லை மாமா, 'அவள்'தான்.

வீவக தீக் காப்புறுதி இருக்குமே, எல்லாம் கொடுத்துவிடுவார்களே?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் என்னிடம் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வீவகவிடம் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய தீக் காப்புறுதி ஒன்று இருக்கிறது. ஐந்து வருடத்துக்குச் சில வெள்ளிதான், அதனால் கட்டியதே ஞாபகம் இருக்காது. அது வீட்டின் கட்டமைப்புக்கும், வீவக முதலில் வீட்டைக் கொடுத்தபோது உள்ளே இருந்த பொருத்தல்களுக்கும் மட்டும். நீங்கள் ஆசை ஆசையாகச் செய்த சமையலறை அலமாரி, நீங்கள் மாற்றிய தரை, டிவி, கட்டில், துணிமணி எதற்கும் அதில் ஒரு காசு கிடையாது.

இரண்டாவது, மத்திய சேம நிதியின் இல்லப் பாதுகாப்புத் திட்டம். பெயரில் இல்லம் இருப்பதால் தீக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறார்கள். அது வீட்டுக் கடன் கட்டுபவர் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ கடனை அடைக்கும் காப்புறுதி. வீடு எரிந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது, நீங்களாகத் தனியாரிடம் வாங்கும் வீட்டுக் காப்புறுதி. வீட்டுக்குள் இருக்கும் சாமான், நீங்கள் செய்த மராமத்து, சிலவற்றில் மாற்று இடத்தில் தங்கும் செலவு, பக்கத்து வீட்டுக்கு ஏற்பட்ட சேதம் எல்லாம் இதில்தான் வரும். எங்களிடம் ஒன்று இருந்தது, கணவருடைய நண்பர் வற்புறுத்தி விற்றது. அன்றைக்கு அவரைத் திட்டினேன், இப்போது ஒவ்வொரு பண்டிகைக்கும் பலகாரம் அனுப்புகிறேன். ஆனாலும் முழுத் தொகை வரவில்லை. ஐந்து வருடப் பழைய பொருளுக்கு ஐந்து வருடத் தேய்மானம் கழித்தார்கள். உங்கள் பத்திரத்தில் 'புதிய பொருளின் விலை' என்று இருக்கிறதா, 'தேய்மானம் போக' என்று இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மதிப்பீட்டாளர் பட்டியல் கேட்டார். ரசீது எல்லாம் சாம்பல். அதனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போய்ப் பழைய படங்களைத் தேடினேன், பிறந்தநாள், தீபாவளி, பையன் முதல் பல் விழுந்த நாள். பின்னால் தெரியும் சோபா, டிவி, குளிர்பதனப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தப் படங்களில் பாதியில் முறுக்கு குறுக்கே நிற்கிறாள். டிவி முன்னால் உட்கார்ந்து அதன் கம்பெனிப் பேர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருக்கிறாள். சோபாவின் கை கிழிந்திருக்கிறது, கிழித்ததும் அவள்தான். மூன்று இரவு அப்படி உட்கார்ந்து 61 பொருள்களுக்குப் படத்தோடு பட்டியல் அனுப்பினேன். அவளைச் சேர்க்க அதில் பத்தி இல்லை. பணத்துக்காக இல்லை, எங்கேயாவது ஒரு தாளில் அவள் பெயரும் இருந்திருக்கலாம் என்றுதான்.

முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

அனுமதி கிடைக்கும்வரை உள்ளே போகாதீர்கள். கூரைக் கான்கிரீட் சூட்டில் வெடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், எங்கள் கூடத்தில் உள்ளிருந்த கம்பியே தெரிந்தது. காப்புறுதி ஆட்கள் வந்து பார்க்கும் முன் எதையும் தூக்கிப் போடாதீர்கள், எல்லாவற்றையும் படம் எடுங்கள். குடிமைத் தற்காப்புப் படையிடம் தீச்சம்பவ அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள், காப்புறுதிக்கு அது வேண்டியிருக்கும்.

கரி படிந்த சுவரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அப்பிக்கொள்ளும். புகை குடித்த மின்சாதனத்தைச் 'சும்மா போட்டுப் பார்ப்போமே' என்று போடாதீர்கள். மருந்து, அரிசி, பருப்பு, பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்கு. அம்மாவுக்கு இதுதான் பெரிய சண்டை, ஊரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடியை விடமாட்டேன் என்றார்.

தங்க இடம், கைச்செலவு இல்லையென்றால் தயங்காமல் குடும்ப சேவை நிலையத்துக்குப் போங்கள், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு முன்னால் வரிசையில் இருந்தவர் வாகன நிறுத்த அபராதத்துக்கு வந்திருந்தார்.

அப்புறம், வீடு இல்லாவிட்டாலும் வீட்டுக் கடன் தவணை இருக்கும். அது நிற்காது. சீக்கிரமே போய்ப் பேசுங்கள்.

ஆவணங்கள் எல்லாம் போச்சா?

இது நினைத்ததைவிடச் சுலபம். அடையாள அட்டை அரசாங்கத்தின் சிங்பாஸ் செயலியிலேயே இருக்கிறது, பிளாஸ்டிக் அட்டை போனதை மட்டும் தெரிவித்து மாற்று வாங்க வேண்டும். 2022 மே 29 முதல் பதிவான பிறப்புகளுக்குச் சான்றிதழே மின்னிலக்கம்தான். என் பையன் அதற்கு முன்னால் பிறந்தவன், அவனுக்கு விண்ணப்பித்து வாங்கினோம். இந்தியக் கடப்பிதழ், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டை வைத்திருப்பவர்கள் கிரேஞ் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தைக் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு அப்பா எழுதிய கடிதங்களுக்கு விண்ணப்பிக்கும் அலுவலகம் எங்கேயும் இல்லை.

என்ன மிஞ்சியது?

விசித்திரம் இதுதான். கூடமும் சமையலறையும் முழுசாகப் போனது. படுக்கையறைக்குள் தீ வரவில்லை, புகை மட்டும். அலமாரி அப்படியே நிற்கிறது. பன்னிரண்டு பட்டுப்புடவையும் மிஞ்சின. அவற்றுக்குப் பின்னால் இருந்தவள்தான் மிஞ்சவில்லை. அம்மாவின் கல்யாணக் கூறைப்புடவையில் ஒரு இடத்தில் கொத்தாகச் சாம்பல் நிற ரோமம் ஒட்டியிருக்கிறது. சலவைக்கடைக்காரர் புகை வாசனை போக்கித் தருகிறேன் என்கிறார், அம்மா இன்னும் கொடுக்கவில்லை.

பித்தளைக் குத்துவிளக்கு கறுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இட்லிக் குண்டான் தப்பித்தது, அதில் இப்போதும் இட்லி வேகிறது.

முறுக்கின் உடலை என்ன செய்தீர்கள்?

இங்கே பூங்காவிலோ புளோக்குக்குப் பின்னால் புல்லிலோ புதைக்க அனுமதி கிடையாது, மனசு கேட்கவில்லை என்று ராத்திரியில் போய்த் தோண்டாதீர்கள். செல்லப்பிராணிகளுக்கென்று தனியார் தகன நிலையங்கள் இருக்கின்றன. தனியாகத் தகனம் செய்தால் அஸ்தி தருவார்கள், மற்ற பிராணிகளோடு சேர்த்துச் செய்தால் செலவு குறைவு, ஆனால் அஸ்தி கிடைக்காது. நாங்கள் தனியாகச் செய்தோம். நெருப்பில் போனவளை மறுபடி நெருப்பிலா என்று நான் கேட்டேன். அவள் நெருப்பில் போகவில்லை, புகையில்தானே என்று கணவர் சொன்னார். அந்த நேரத்தில் அது ஏதோ பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது.

பூனைக்கு என்ன சாங்கியம் செய்வது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. நெற்றியில் விபூதி வைத்தார். பையன் ஒரு கரண்டி பால் விட்டான். உயிரோடு இருந்தபோது பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, மருத்துவர் கொடுக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

அஸ்திச் சாடி இப்போது வாடகை வீட்டில் குளிர்பதனப் பெட்டி மேல் இருக்கிறது. அவள் எப்போதும் உட்காரும் இடம். உரிமத்தையும் ரத்து செய்ய வேண்டும், பிராணி இறந்துவிட்டது என்று இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை, கணவர் செய்தார்.

பிள்ளைக்கு எப்படிச் சொன்னீர்கள்?

நேராக. அவனுக்கு ஒன்பது வயது. 'ஓடிப்போயிட்டான்னு சொல்லு, பிள்ளை தாங்கமாட்டான்' என்று அத்தை சொன்னார். சொல்லியிருந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புளோக்கின் கீழ்த்தளத்திலும் தேடியிருப்பான். 'தூங்கிட்டா' என்றும் சொல்லவில்லை, அப்புறம் அவனே தூங்கப் பயப்படுவான். இறந்துவிட்டாள், புகையால், அலமாரியில் என்று சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: 'அம்மா, அவ இடின்னு நினைச்சிருப்பாளா?' ஆமாம் என்றேன்.

பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார், சொல்லிவைத்தால் பார்த்துக்கொள்வார். பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ராத்திரி மூன்று மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டுமே 24 மணி நேரமும் எடுப்பார்கள். பூனைக்காக அழைத்தேன் என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

நாங்கள் என்ன உதவி செய்யலாம்?

பழைய துணி மூட்டை வேண்டாம். நன்றியோடுதான் சொல்கிறேன். முதல் வாரத்தில் பதினாலு மூட்டை வந்தது, அதைப் பிரித்து அடுக்கவே இரண்டு நாள், பாதி யாருக்கும் அளவு சேராதது. பேரங்காடிப் பற்றுச்சீட்டு, பள்ளிச் சீருடை, சார்ஜர், ஒரு வேளைச் சாப்பாடு, பிள்ளையை ஒரு மதியம் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் பெரிய உதவி.

எல்லாவற்றிலும் பெரிய உதவி மக்சிக் செய்ததுதான். அவர் போனில் முறுக்கின் படங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன, கேட்டுக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கும் படங்கள். அவர் வறுத்த மீன் தருவார் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. இவள் ஏன் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவதில்லை என்று மருத்துவரிடமெல்லாம் போய்க் கேட்டிருக்கிறோம்! அந்தப் படங்களை அனுப்பிவிட்டு, நோன்புக் கஞ்சி கொண்டுவரும் தூக்குச்சட்டியில் சோறும் கொண்டுவந்தார்.

எங்கள் வீட்டிலும் பூனை இருக்கிறது. சன்னல் வலையை எடுத்துவிடலாமா, தப்பிக்க வழி வேண்டுமே?

கூடாது. நானும் யோசித்தேன். ஆனால் மாடியிலிருந்து விழுந்து சாகும் பூனைகள் இங்கே நிறைய, வலை இல்லாவிட்டால் தீ வரும்வரை அது உயிரோடு இருக்காது. வலை இருக்கட்டும்.

செய்ய வேண்டியது வேறு. பயந்தால் உங்கள் பூனை எங்கே ஒளியும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். தூக்கிப்போகும் கூண்டைப் பரணில் வைக்காதீர்கள், வாசல் பக்கத்தில் வையுங்கள், எங்களுடையது தீபாவளிப் பலகாரத் தகரங்களுக்கு அடியில் இருந்தது. தீனி டப்பாவை ஆட்டினால் ஓடிவரப் பழக்குங்கள். கேட்டில் 'உள்ளே பூனை இருக்கிறது' என்று தொலைபேசி எண்ணோடு ஒட்டுங்கள். நம்பிக்கையான அண்டைவீட்டாரிடம் ஒரு சாவி கொடுங்கள். தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி, பூந்தொட்டி, சைக்கிள் எல்லாம் போக 1.2 மீட்டர் நடக்க வழி இருக்க வேண்டும் என்பது விதி, தண்ணீர்க்குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ஆளை நினைத்து அதைப் பின்பற்றுங்கள். ராத்திரி அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள், ஒரு மரக்கதவுகூடத் தீயையும் புகையையும் நல்ல நேரம் பிடித்துவைக்கும்.

வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போகாதீர்கள். எதற்காகவும். வீரரிடம் சொல்லுங்கள், எந்த அறை, எந்த அலமாரி என்று சொல்லுங்கள். இதை எழுதும் நானே அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் போயிருப்பேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கண்திருஷ்டியோ? ஜாதகம் பார்த்தீர்களா?

28 வெள்ளி பேட்டரி.

சிலர், பூனை வீட்டுக்கு வந்த கெடுதலைத் தான் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்கிறார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அவள் எதையும் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

இன்னொரு பூனை எப்போது?

இப்போது இல்லை. பையன் கேட்டால் யோசிப்பேன். அவன் கேட்கவில்லை.

இதெல்லாம் காலப்போக்கில் மறந்துபோகும், இல்லையா?

இதற்கு என் பாட்டியைத்தான் கேட்க வேண்டும். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ கம்பம், அதாவது கிராமக் குடியிருப்பு, எரிந்தது. அத்தாப்பு ஓலை வீடுகளும் பலகை வீடுகளும் நெருக்கிக் கட்டிய இடம், காற்று வேறு. நாலு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். பாட்டிக்கு அப்போது பதின்மூன்று வயது, சீனர்கள் நடுவில் இருந்த ஒரு சில தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்ததும், ஓராண்டுக்குள் அதே இடத்தில் அடுக்குமாடி எழுந்ததும், முதல் தடவை குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியதும் பாட்டி சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவருடைய அம்மா ஓடிய கதைக்கு நாங்கள் சிரிப்போம், பாட்டியும் சிரிப்பார்.

முறுக்கு போன மூன்றாம் நாள் பாட்டி என்னைப் பார்க்க வந்தார். பூனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே, 'எங்ககிட்ட ஒரு நாய் இருந்துச்சு, மணின்னு பேரு' என்றார். அறுபத்து நாலு வருடத்தில் அந்தக் கதையில் நாயே கிடையாது. என் அம்மாவுக்கும் தெரியாது.

'பெருநாளுக்கு ஆளுங்க வருவாங்க, கடிச்சிரும்னு பின்னாடி வேலியில கட்டி வச்சிருந்தேன். நான்தான் கட்டினேன்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'அவுத்து விட்டுட்டாவது ஓடியிருக்கலாம்' என்றார். அப்புறம் தேநீரில் சீனி போதவில்லை என்றார், நான் எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.